கணக்குக்கு வெளியே ஓர் எண்

(ஆரணியில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆரணியில் யாரும் நியமிக்காமலே வந்து ஒட்டிக்கொள்ளும் பதவி ஒன்று உண்டு: ‘ஆடிட்டர் ஆபீஸ் தம்பி’. சி.ஏ. இடைநிலைத் தேர்வில் தேறி, ஒரு தணிக்கையாளரிடம் ஆர்ட்டிகிள் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் இளைஞருக்கு ஊர் வைக்கும் பெயர் அது. பெண்ணாக இருந்தால் ‘ஆடிட்டர் ஆபீஸ் பொண்ணு’. பட்டுக் கடைக்குள் நுழைந்ததும் முதலாளி கல்லாவிலிருந்தபடியே கணக்குப்பிள்ளையைக் கூப்பிடுவார். ஒரு நாற்காலியும் ஒரு காபியும் வரும். பின்னாலேயே நாடா கட்டிய வவுச்சர் கட்டுகள் வரும். தம்பி குனிந்து டிக் அடிக்க ஆரம்பிப்பார். ஊர் பார்க்கும் தணிக்கை இவ்வளவுதான்.

அந்தத் தம்பி எந்த இடத்தில் தணிக்கையாளர் ஆகிறார் என்பதே இந்த உரையின் கேள்வி. சட்டத்தைக் கேட்டால் சுலபமாகப் பதில் சொல்லிவிடும். 1949 ஜூலை 1 அன்று பட்டயக் கணக்காளர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தேர்வில் தேறி, பயிற்சி முடித்து, பட்டயக் கணக்காளர் நிறுவனத்தில் உறுப்பினராகப் பதிந்தவர் பட்டயக் கணக்காளர். ஆனால் இந்தத் தொழிலில் பல ஆண்டு இருந்தவர்களுக்கு வேறொன்றும் தெரியும். உறுப்பினர் எண் கிடைத்த பிறகும் தம்பியாகவே இருப்பவர்கள் உண்டு. பயிற்சியின் இரண்டாம் ஆண்டிலேயே தணிக்கையாளராகிவிட்டவர்களும் உண்டு. வித்தியாசம் ஓர் இடத்தில்தான் இருக்கிறது. புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே, அங்கே எவ்வளவு இருந்தாக வேண்டும் என்று கணக்குக்கு வெளியிலிருந்து ஓர் எண்ணைத் தேடிக் கொண்டுவரத் தெரிய வேண்டும். அந்த வித்தையைக் கற்க ஆரணியைப் போல ஒரு பள்ளிக்கூடம் அமைவது அபூர்வம்.

முதலில் டிக் அடிப்பதைப் பற்றிக் கொஞ்சம். அதைக் கேலி செய்வது எளிது. ஆனால் அங்கிருந்துதான் தொடங்கியாக வேண்டும். ரொக்கப் புத்தகத்துக்கும் வவுச்சருக்கும், வவுச்சருக்கும் பில்லுக்கும், வங்கிக் கணக்குக்கும் பாஸ்புத்தகத்துக்கும் இடையே சில மாதங்கள் நடந்து நடந்துதான் ஒரு வியாபாரத்தின் நடை பிடிபடும். எந்த மாதம் நூல் வாங்குகிறார்கள், எந்த மாதம் சேலை போகிறது, ஆடியில் என்ன ஆகிறது, தீபாவளிக்கு முன் எவ்வளவு கடன் ஏறுகிறது என்பதெல்லாம் எந்தப் பாடநூலிலும் இல்லை.

ஓர் உதாரணம். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 40ஏ(3) என்றொரு பிரிவு. ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவை வரிக் கணக்கில் ஏற்கமாட்டார்கள். முன்பு வரம்பு 20,000; 2017ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அதைப் பாதியாக்கியது. முதல் மாதத்துத் தம்பிக்கு 9,900 ரூபாய் வவுச்சர் ஒரு நிம்மதி. வரம்புக்குள் இருக்கிறது, டிக். ஆறாவது மாதத்தில் அதே தம்பிக்கு அதே 9,900 உறுத்த வேண்டும். திங்கள்கிழமை 9,900, செவ்வாய்க்கிழமை 9,800, புதன்கிழமை 9,950. மூன்றும் ஒரே சாயப்பட்டறைக்கு. மூன்றும் ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதிய கையெழுத்து. ஒவ்வொரு வவுச்சரும் தனியாகப் பார்த்தால் சரி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அது ஒரே நாளில் கொடுத்த 29,650 ரூபாயாக இருக்கலாம். அப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. சாயக்காரரின் பில் என்ன சொல்கிறது, அன்றைய கல்லாவில் அவ்வளவு ரொக்கம் இருந்ததா என்று பார்த்த பிறகே சொல்ல முடியும். ஆனால் அந்தச் சந்தேகம் எழுவதற்கே சில நூறு வவுச்சர்களைக் கடந்திருக்க வேண்டும்.

இனி பட்டுக்கு வருவோம். கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊருக்குப் பட்டும் அரிசியும் இரண்டு கண்கள். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கடைகள் ஊருக்குள் இருக்கின்றன; தறிகள் சுற்று வட்டாரத்தில், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு, அத்திமலைப்பட்டு, தேவிகாபுரம் என்று பரவிக் கிடக்கின்றன. முதலாளி நூல் வாங்குகிறார்; சாயம் போடக் கொடுக்கிறார்; பாவும் ஊடையும் சரிகையும் நெசவாளர் வீட்டுக்குப் போகின்றன; சேலை திரும்பி வருகிறது; கூலி கணக்கில் ஏறுகிறது. அந்தப் பாதையில் நூல் பெரும்பாலான நாட்கள் முதலாளியின் கண்ணில் படுவதே இல்லை. ஆனால் அவர் புத்தகத்தில் சொத்தாக நிற்பது அதுதான்.

அந்தச் சொத்து எவ்வளவு என்று தம்பி எப்படிக் கண்டுபிடிப்பார்? தராசு வேண்டும். அதற்கு முன் ஓர் உண்மை தெரிந்திருக்க வேண்டும். சாயம் போடுவதற்கு முன் பட்டு நூலைச் சவுக்காரம் போட்ட நீரில் கொதிக்க வைத்து, அதன் மேலுள்ள பசையை எடுப்பார்கள். அப்போது நூலின் எடையில் ஏறக்குறைய கால்வாசி போய்விடும். ஆரணியில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. சென்னையிலிருந்து வந்த தம்பிக்குத் தெரியாது. தெரியாமல் போனால் அவர் கணக்கே பிடிபடாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கான எண்கள்தான், எந்தக் கடையுடையதும் அல்ல. ஆண்டுத் தொடக்கத்தில் 40 கிலோ கோரா நூல், அதாவது பசை எடுக்காத நூல், இருப்பு. ஆண்டு முழுவதும் வாங்கியது 460 கிலோ. மார்ச் 31 அன்று மீதி 60 கிலோ. ஆக வெளியே போன நூல் 440 கிலோ. பசை எடுத்ததும் அது 330 கிலோவாகிவிடும். இந்தக் கடையில் ஒரு சேலைக்குச் சரிகை நீங்கலாகப் பட்டு மட்டும் அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால், 660 சேலை வந்திருக்க வேண்டும். புத்தகம் 540 சேலை வந்ததாகச் சொல்கிறது. தறியில் இருப்பதைச் சேர்க்க வேண்டும்: 25 தறி, தறிக்குச் சராசரி இரண்டு சேலைக்கான நூல், ஆக 50. மொத்தம் 590. இன்னும் 70 சேலைக்கான நூல், அதாவது 35 கிலோ, எங்கே போனது என்று தெரியவில்லை. சேலை ஒன்று 12,000 ரூபாய் என்றால் 8 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்.

இந்த இடத்தில் இரண்டு வகைத் தம்பிகள் பிரிகிறார்கள். ஒருவர் கணக்கை மூடிவிட்டு, ‘கோரா நூல் எடை ஏறி இறங்கும்’ என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வார். இன்னொருவருக்குத் திருடனைப் பிடித்துவிட்ட மிதப்பு. இருவரும் தவறு. நல்ல பயிற்சி பெற்றவர் முதலாளியிடம் போய், “ஐயா, சாயக்காரர்கிட்ட நம்ம நூல் ஏதாவது நிக்குதுங்களா?” என்று கேட்பார். நிற்கும். மார்ச் மாதக் கடைசியில் சாயப்பட்டறைகளில் எல்லாருடைய நூலும் நிற்கும். பசை எடுத்த நூலாக 32 கிலோ அங்கே இருந்தால், மீதி 3 கிலோ அறுந்த நூல், கழிவு என்று ஏற்கத்தக்க அளவுக்கு வந்துவிடுகிறது. ஆக, நடந்தது களவு இல்லை. இருப்புப் பட்டியலில் ஓர் இடம் விட்டுப்போயிருக்கிறது. ஆனாலும் அந்த 32 கிலோவைச் சேர்க்காமல் போட்ட லாபக் கணக்கு பொய்க் கணக்குத்தான்.

நூலைக் கூட்டிக் கழிக்காமல் விட்டதால் தணிக்கை உலகமே திரும்பிப் பார்த்த வழக்கு ஒன்று உண்டு. இங்கிலாந்தில் கிங்ஸ்டன் பருத்தி ஆலை. அதன் மேலாளர் பல ஆண்டுகள் பஞ்சும் நூலும் உண்மையில் இருந்ததைவிடக் கூடுதலாக இருப்பதாகச் சான்று எழுதிக் கொடுத்தார். நஷ்டம் மறைந்தது, லாபப் பங்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டது. தணிக்கையாளர்கள் மேலாளரின் கையெழுத்தை நம்பினார்கள். ஆரம்ப இருப்போடு கொள்முதலைக் கூட்டி, விற்பனையைக் கழித்திருந்தாலே பொருந்தாமை தெரிந்திருக்கும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். 1896இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தணிக்கையாளர்கள் பக்கம் தீர்ப்பளித்தது; சந்தேகத்துக்கு இடமில்லாதபோது நம்பிக்கைக்குரிய அலுவலரின் சான்றை ஏற்றது குற்றமாகாது என்றது. தணிக்கையாளர் காவல் நாய், வேட்டை நாய் அல்ல என்று நீதிபதி லோப்ஸ் சொன்னது அந்தத் தீர்ப்பில்தான். இன்று சி.ஏ. மாணவர்கள் எல்லாருக்கும் அந்த நாய்கள் மனப்பாடம். அந்த நூலின் கணக்கைப் போட்டுப் பார்த்த மாணவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வழக்கில் ஜெயித்தவர்களின் வாதத்தைவிடத் தோற்றவர்களின் வாதத்தில்தான் ஒரு புதிய தணிக்கையாளருக்கு அதிகப் பாடம் இருக்கிறது.

நம் நாட்டுச் சட்டம் அந்தக் கூட்டல் கழித்தலைப் படிவமாகவே போட்டுக் கையில் கொடுத்திருந்தது. வரித் தணிக்கைக்கான 3சிடி படிவத்தின் 35ஆம் பத்தி, உற்பத்தி செய்பவர்களிடம் மூலப்பொருளின் ஆரம்ப இருப்பு, கொள்முதல், செலவானது, இறுதி இருப்பு, கிடைத்த பொருளின் விகிதம், குறைவு அல்லது மிகுதி எல்லாவற்றையும் அளவில் கேட்டது. ரூபாயில் அல்ல, கிலோவில். பல அலுவலகங்களில் அந்தப் பத்தியில் ‘பொருள்கள் பலவகையானவை, அளவு தர இயலவில்லை’ என்ற ஒரு வரி ஆண்டுதோறும் நகலெடுத்து ஒட்டப்பட்டது. ஆரணியில் அந்த வரியை எழுதுவதற்குக் கொஞ்சம் வெட்கப்பட்டிருக்க வேண்டும். நூல் கிலோவில் வருகிறது. சரிகை மார்க்குக் கணக்கில் வருகிறது, ஒரு மார்க்கு ஏறக்குறைய கால் கிலோ. சேலை எண்ணிக்கையில் போகிறது. அளக்க முடியாதது என்று இங்கே என்ன இருக்கிறது?

அரிசி ஆலைக்கும் இதே வைத்தியம். அரசு நெல்லை அரைத்துத் தரும் ஆலை, 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கலரிசியாக 68 கிலோ, பச்சரிசியாக 67 கிலோ தர வேண்டும் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. தனியார் நெல்லில் ரகத்துக்கு ரகம் மாறும். ஆனாலும் ஓர் ஆலை ஆண்டு முழுவதும் 58 என்று காட்டினால் தம்பி பேனாவை மூடிவிட்டு எழுந்து போய்த் தவிட்டுக் கணக்கையும் மின்கட்டண ரசீதுகளையும் கேட்க வேண்டும். மின்சார யூனிட்டை முதலாளியின் கணக்குப்பிள்ளை எழுதுவதில்லை. அதனாலேயே அதற்கு மதிப்பு.

சரிகையில் மட்டும் தம்பி அடக்கத்தோடு இருக்க வேண்டும். அசல் சரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்க முலாம் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்பது கண்ணால் பார்த்துச் சொல்லும் விஷயம் இல்லை. அசலும் அரைச்சரிகையும் விளக்கு வெளிச்சத்தில் ஒன்றாகத்தான் மின்னும். இருப்பில் உள்ள சரிகையின் மதிப்பு பெரிய தொகை என்றால், சோதனைச் சாலையின் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். நிபுணரின் வேலையை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கென்றே தணிக்கைத் தரநிலை 620 இருக்கிறது. எனக்குத் தெரியாது, தெரிந்தவரைக் கேட்கிறேன் என்று முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சலும் பயிற்சியில்தான் வருகிறது. புதியவர்களுக்கு அது கடினம். தெரிந்தது போலத் தலையாட்டுவதுதான் சுலபம்.

இதெல்லாம் சின்ன ஊரின் சில்லறைக் கணக்கு என்று யாராவது நினைத்தால், பெரிய இடங்களில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2009 ஜனவரி 7. ஐதராபாத்தின் சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். புத்தகத்தில் காட்டிய ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். இல்லாத அந்தப் பணம் நூல் மாதிரி ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கவில்லை. வங்கியில் இருப்பதாகத்தான் எழுதியிருந்தது. வங்கிக்கு நேராக ஒரு கடிதம் எழுதி, பதிலை நேராகத் தன் கைக்கு வரவழைத்தால் தெரிந்துவிடும் விஷயம். 2011 ஏப்ரலில் அமெரிக்கக் கண்காணிப்பு அமைப்புகள் சத்யத்தைத் தணிக்கை செய்த பிரைஸ் வாட்டர்ஹவுஸ் இந்திய நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தபோது சுட்டிக்காட்டிய குறைகளில் முக்கியமானது இதுதான்: வங்கி உறுதிக் கடிதங்களை அனுப்புவதையும் திரும்பப் பெறுவதையும் தணிக்கையாளர்கள் தங்கள் கையில் வைத்துக்கொள்ளாமல் நிர்வாகத்திடம் விட்டுவிட்டார்கள்.

பெரும்பாலான அலுவலகங்களில் அந்தக் கடிதங்களை அனுப்பும் வேலை யாருடையது? இருப்பதிலேயே இளைய தம்பியுடையது. உலகின் பெரிய தணிக்கைத் தோல்விகள் சில, அலுவலகத்தில் மிகச் சின்னவரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலையில் நிகழ்ந்திருக்கின்றன. வங்கி மேலாளர், “தம்பி, பதிலை உங்க பார்ட்டிகிட்டயே கொடுத்துடறேன், வாங்கிக்கோங்க” என்பார். வெயில் வேறு. பஸ் பிடித்து இன்னொரு முறை வர வேண்டும். சரி சார் என்று சொல்லிவிடுவது மனித இயல்பு. அந்த இயல்பைத்தான் பயிற்சி உடைக்க வேண்டும்.

இன்னும் பின்னால் போனால் 1938. அமெரிக்காவின் மெக்கெஸன் அண்ட் ராபின்ஸ் என்ற மருந்து நிறுவனத்தின் 87 மில்லியன் டாலர் சொத்தில் 19 மில்லியன் வெறும் கற்பனை. இருப்பு கனடாவில் கிடங்குகளில் இருப்பதாக எழுதியிருந்தது. தணிக்கையாளர்களில் யாரும் அந்தக் கிடங்குகளைப் போய்ப் பார்க்கவில்லை; அப்போதைய வழக்கப்படி பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. அதற்குப் பிறகுதான் அங்கே இருப்பை நேரில் பார்ப்பதும் கடனாளிகளிடம் நேராக உறுதி கேட்பதும் தணிக்கையின் கட்டாயப் பகுதிகளாயின. மார்ச் 31 சாயங்காலம் ஆரணியில் ஒரு தம்பி தராசு முன் நிற்பதற்கு அந்த இல்லாத கிடங்குகளும் ஒரு காரணம்.

தராசுக்கு முன் நிற்பது எளிது. ஆட்களிடம் பேசுவதுதான் கடினம். இருபத்தொரு வயதுத் தம்பி, நாற்பது வருடம் நூல் வியாபாரம் செய்த ஒருவரைக் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. அதிகாரமாகக் கேட்டால் கதவு மூடிக்கொள்ளும். குழைந்து கேட்டால் பதிலும் குழைந்துதான் வரும். நன்றாகக் கேட்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்பதைவிட எப்படி என்று கேட்டால் ஆட்கள் அதிகம் பேசுவார்கள். “இவ்வளவு நூல் ஏன் குறையுது?” என்றால் முதலாளிக்குக் கோபம் வரும். “நூல் வந்ததிலிருந்து சேலை ஆகிற வரைக்கும் எப்படிங்க போகுது, ஒரு தடவை சொல்லுங்களேன்” என்றால் அவர் அரைமணி நேரம் சொல்வார். தன் கடையின் ஓட்டையையும் தானறியாமல் சொல்லிவிடுவார்.

தறி இருக்கும் வீட்டுக்குப் போனால் இன்னொரு பாடம். குழித்தறியில் பாவு ஏறியிருக்கும். எத்தனை சேலை அறுத்தாகிவிட்டது, இன்னும் எத்தனை பாக்கி என்பதைத் தறியில் உட்கார்ந்திருப்பவர் வாய்க்கணக்காகவே சொல்லிவிடுவார். அதைவிட முக்கியமானது சுவர் மாடத்திலோ அரிசி டப்பாவுக்குப் பின்னாலோ இருக்கும் நெசவாளரின் சின்ன நோட்டு. எந்தத் தேதியில் எவ்வளவு நூல் வாங்கினோம், எத்தனை சேலை கொடுத்தோம், கூலி எவ்வளவு வந்தது, முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்று அதில் அவர் கைப்பட எழுதியிருப்பார். முதலாளியின் பேரேட்டில் அதே நெசவாளரின் கணக்கு இருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று தெரியாமல் எழுதப்பட்டவை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் தம்பிக்குக் கூலிக் கணக்கு, சேலை எண்ணிக்கை, நிலுவை முன்பணம் மூன்றும் ஒரே நோட்டில் உறுதியாகிவிடும். கூட்டுறவு நெசவாளர் சங்கங்களைத் தணிக்கை செய்யும் கூட்டுறவுத் தணிக்கைத் துறையினருக்கும் உறுப்பினரின் பாஸ்புத்தகம்தான் பல நேரம் உண்மையைச் சொல்லும். இறந்துபோனவர் பெயரில் கூலி ஏறுவது, ஊரைவிட்டுப் போனவரின் தறி ஓடிக்கொண்டே இருப்பது போன்றவை சங்கத்தின் பதிவேட்டில் அழகாக இருக்கும். தறி வீட்டுத் திண்ணையில் அரை நிமிடம் தாங்காது.

ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த வீட்டுக்குத் தம்பி போவது முதலாளியின் தணிக்கையாளராக. நெசவாளர் நோட்டை நீட்டுவது நம்பிக்கையால். அவர் சொன்னது முதலாளி காதுக்கு எப்படிப் போகிறது என்பதில் தம்பியின் கண்ணியம் இருக்கிறது. இதற்குத் தரநிலை எண் கிடையாது.

கேட்பதைப் போலவே விளக்குவதும் ஒரு படிப்பு. 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் 43பி பிரிவில் (எச்) என்று ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. குறு, சிறு நிறுவனங்களாகப் பதிந்த உற்பத்தியாளர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் கொடுத்துவிட வேண்டும். தவறினால், பணம் கொடுத்த ஆண்டில்தான் அந்தச் செலவைக் கழிக்க முடியும். ஜவுளி ஊர்களுக்கு இது பேரிடி. பட்டு வியாபாரமே முகூர்த்தத்தையும் பண்டிகையையும் நம்பிக் கடனில் ஓடுவது. “தீபாவளிக்குத் தந்துடறேன்” என்பது ஒரு தலைமுறையின் ஒப்பந்தம். வெறும் வியாபாரிக்கு இந்த விதி பொருந்தாது, சாயப்பட்டறைக்குப் பொருந்தும் என்பதைப் பிரித்துச் சொல்லி, யார் யார் பதிவுச் சான்று வைத்திருக்கிறார்கள் என்று பட்டியல் போட்டு, முதலாளியின் எரிச்சலையும் தாங்கிக்கொண்டு வருவதற்குள் தம்பிக்குச் சட்டம் நிஜமாகவே புரிந்திருக்கும். பிரிவு எண்களை மனப்பாடம் செய்தவர்களுக்கு ஒரு கெட்ட செய்தியும் உண்டு. 2025இல் புதிய வருமான வரிச் சட்டம் நிறைவேறிவிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் அதுவே சட்டம். அதில் 40ஏ(3), 43பி எல்லாம் வேறு எண்களுக்குப் போய்விட்டன. தராசு அங்கேயே இருக்கிறது.

இந்த அரங்கில் பெண்கள் நிறையப் பேர் இருப்பதால் ஒரு பெயரை விரிவாகச் சொல்வது பொருத்தம்: ஆர். சிவபோகம். 1907இல் பிறந்தவர்; சென்னை ராணி மேரிக் கல்லூரியில் படித்தவர். சட்டமறுப்பு இயக்கத்தில் ஈடுபட்டு ஓராண்டு சிறையில் இருந்தார். வெளியே வந்து அரசு கணக்கியல் பட்டயத்துக்குப் படித்து, 1933இல் இந்தியாவின் முதல் பெண் கணக்காளரானார். சென்னையில் சி.எஸ். சாஸ்திரியிடம் பயிற்சி பெற்றவர். சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிய முடியாது என்ற தடை குறுக்கே நின்றது. அதை எதிர்த்து மனுப் போட்டு வென்று, 1937இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். 1955 முதல் 1958 வரை பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தென்னிந்திய வட்டாரக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். இறுதித் தேர்வில் ஒரே முயற்சியில் சிறப்பாகத் தேறும் பெண்ணுக்கென்று 1956இல் ஒரு பரிசும் ஏற்படுத்தினார். அறக்கட்டளை மேடையில் அதை நினைவுகூர்வது தகும். சிறைக்குப் போன ஒரு பெண், ஆண்கள் மட்டுமே இருந்த அலுவலகங்களுக்குள் நுழைந்து, ‘இந்தக் கணக்கைக் காட்டுங்கள்’ என்று கேட்டிருக்கிறார். 1930களின் மதராஸில் அந்தக் கேள்விக்கு என்ன முகங்கள் பதில் சொல்லியிருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. இன்றைக்கும் அரிசி ஆலையிலோ நூல் கிடங்கிலோ, “ஏம்மா, சார் வரலையா?” என்ற கேள்வியோடுதான் பல பெண்களின் முதல் இருப்புக் கணக்கெடுப்பு தொடங்குகிறது. “நான்தாங்க வந்திருக்கேன், தராசைக் கொண்டாங்க” என்பதுதான் அதற்குச் சரியான பதில்.

பயிற்சிக் காலம் சுருங்கிவிட்டது என்ற கவலையும் தொழிலில் இருக்கிறது. மூன்றாண்டாக இருந்த ஆர்ட்டிகிள் பயிற்சி, 2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில் இரண்டாண்டு. விடுப்பும் குறைந்தது. மாணவர்களுக்கு மகிழ்ச்சி, மூத்தவர்கள் பலருக்கு முணுமுணுப்பு. மூன்றாண்டும் ஜிஎஸ்டி படிவம் நிரப்பியே கழித்தவரைவிட, இரண்டு மார்ச் 31 அன்று இரண்டு கிடங்குகளில் நின்றவர் அதிகம் கற்றிருப்பார் என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் இரண்டாண்டில் வருவது இரண்டே மார்ச்தான். அவற்றை வீணாக்கக்கூடாது என்ற பொறுப்பு இனி மூத்தவர்களுடையது.

உதவித்தொகையில் ஒரு வேடிக்கை. குறைந்தபட்சத் தொகையை ஊரின் மக்கள்தொகையை வைத்து நிர்ணயிக்கிறார்கள்: 20 லட்சத்துக்கு மேல் ஒரு தொகை, 4 லட்சம் முதல் 20 லட்சம் வரை ஒன்று, அதற்குக் கீழே குறைந்ததிலும் குறைந்தது. 2011 கணக்கெடுப்பில் ஆரணி நகராட்சியின் மக்கள்தொகை ஏறக்குறைய 64 ஆயிரம். ஆகவே இங்கே பயிற்சிக்கு மதிப்பு மூன்றாம் வரிசை. சென்னையின் பெரிய அலுவலகத்தில் ஒரு தம்பி ஆறு மாதமும் ஒரே நிறுவனத்தின் ஒரே கணக்குத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இங்கே அவர் காலையில் பட்டு, மதியம் நெல், சாயங்காலம் கூட்டுவணிகத்தின் பங்குதாரர் சண்டை என்று எல்லாவற்றையும் பார்க்கிறார். அந்த மூன்றாம் வரிசைத் தொகை, பாடத்தின் அகலத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

கடைசியாக, எழுதிவைப்பது. பார்த்ததைத் தாளில் எழுதாவிட்டால் பார்க்கவில்லை என்றே பொருள். தரநிலை 230 அதைத்தான் சொல்கிறது. அறிக்கைத் தேதியிலிருந்து 60 நாளுக்குள் கோப்பு ஒழுங்காக வேண்டும். ஏழாண்டு பாதுகாக்க வேண்டும். 2019 ஜூலை முதல் தணிக்கையாளர் கையெழுத்திடும் ஒவ்வோர் அறிக்கைக்கும் யுடிஐஎன் என்ற தனி அடையாள எண் வேண்டும். எந்தக் கையெழுத்து எந்த அறிக்கையில் எந்தத் தேதியில் விழுந்தது என்பதை யாரும் சரிபார்க்கலாம். ‘நூல் இருப்பு சரிபார்க்கப்பட்டது’ என்ற ஒற்றை வரி கோப்பில் இருந்தால் மூத்தவர் அதைத் திருப்பி அனுப்புவார். எந்தத் தராசு, யார் நிறுத்தார், யார் கூட நின்றார், கோரா எவ்வளவு, சாயம் போட்டது எவ்வளவு, வெளியே யாரிடம் எவ்வளவு, எடைக் குறைவுக்கு எந்த விகிதம் எடுத்தோம், அந்த விகிதத்தை யாரிடம் கேட்டோம் என்பதெல்லாம் வேண்டும். ஐந்து வருடம் கழித்து அந்தத் தாளைப் பிரிக்கும் ஒருவர், தம்பியைத் தேடிப் போகாமலே மார்ச் 31 அன்று நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிவப்பு மையில் திரும்பி வரும் கேள்விகள்தான் தம்பியின் உண்மையான மதிப்பெண் பட்டியல். முதலாண்டில் ஒரு கோப்புக்கு இருபது கேள்வி வரும்: இது எங்கே, அது ஏன் இல்லை, இந்தக் கூட்டல் எப்படி வந்தது. இரண்டாமாண்டில் கேள்விகள் குறையும். ஆனால் ஒவ்வொன்றும் கனமாகும். மேலே சொன்ன உதாரணத்தையே எடுத்துக்கொண்டால், மூத்தவர் நூல் கணக்கைப் பார்த்து ஒன்றும் சொல்லமாட்டார். 32 கிலோ எங்கள் பட்டறையில் இருக்கிறது என்று சாயக்காரர் கொடுத்த தாளை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கையெழுத்து இருக்கிறது, தேதி இல்லை. அது மார்ச் 31ஆம் தேதிய இருப்பா, ஏப்ரலில் தம்பி கேட்ட அன்றைய இருப்பா? பட்டறையின் வரவுப் பதிவேட்டைப் பார்க்கத் தம்பி இன்னொரு முறை சைக்கிளை எடுத்தாக வேண்டும்.